பொது சுகாதாரக் கல்வியும் ஊக்கத்தொகையுடன் கூடிய அரசுப் பயிற்சியும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது மதிப்பெண், கல்லூரியில் இடம், கட்டணம் ஆகிய மூன்றையுமே நாம் பெரிதும் பேசுகின்றோம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது நான்காவது ஒன்றைப் பற்றி. கல்லூரியில் இடம் கிடைத்துப் பயின்றுகொண்டிருக்கும் மாணவர், படிப்பின் இடையிலோ இறுதியிலோ மேற்கொள்ள வேண்டிய களப்பயிற்சியும், அப்பயிற்சிக் காலத்தில் அவருக்குக் கிடைக்கும் அல்லது கிடைக்காமற்போகும் ஊக்கத்தொகையும் பற்றியதே அது. இன்டர்ன்ஷிப், ஸ்டைபண்டு என்று கல்லூரி வட்டாரத்தில் வழங்கும் சொற்கள் இவற்றையே குறிக்கின்றன. குறிப்பாக, பொது சுகாதாரத்தைச் சார்ந்த படிப்புகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அரசின் வழியாக என்னென்ன வாய்ப்புகள் உள்ளன, அவற்றை அடைவதில் நம் ஜமாஅத்தின் பங்கு என்ன என்பதை விளக்க விரும்புகின்றோம்.

பொது சுகாதாரம் என்பது யாது?

மருத்துவம் என்றதும் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிதான் நம் நினைவுக்கு வரும். நோயுற்றவர் அங்கே செல்கிறார். மருத்துவர் பார்த்து மருந்து தருகிறார். பொது சுகாதாரம் அதற்கு முந்திய வேலை. ஒருவர் நோயாளியாகி அந்த வாசலை மிதிக்காமல் இருப்பதற்காகத் தெருவிலும் வீட்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நடைபெறும் வேலை அது. குடிநீரில் குளோரின் அளவைச் சோதிப்பது, தடுப்பூசி விடுபட்ட குழந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஒரே தெருவில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் வந்தால் காரணத்தைத் துருவிப் பார்ப்பது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். 1939-ஆம் ஆண்டிலேயே பொது சுகாதாரத்திற்கென்று தனிச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். இத்துறைக்கென்று தனி இயக்ககமும் தனி அலுவலர் அணியும் கொண்டு இயங்கிவருவது தமிழ்நாட்டின் சிறப்பு.

இந்த வேலையின் அருமையை நம் பகுதி அனுபவித்தே அறிந்திருக்கின்றது. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று திருநெல்வேலி. அப்போது இம்மாவட்டத்துடன் இணைந்திருந்த கடையநல்லூரின் பெயர் செய்தித்தாள்களில் தொடர்ந்து இடம்பெற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டில் சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். குழாயில் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை மட்டும் வரும் தெருக்களில் டிரம்மும் தொட்டியும் நிறைத்து வைப்பது தவிர்க்க இயலாதது. மூடாமலும் வாரந்தோறும் தேய்த்துக் கழுவாமலும் விட்ட தொட்டியே நோய்க்கு வித்தாகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. ஆனால் உழைப்பு மிகுந்தது. களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று தண்ணீர்ப் பாத்திரங்களைத் திறந்து பார்க்கிறார். எடுத்துக்காட்டாக, 100 வீடுகளைப் பார்த்ததில் 8 வீடுகளில் கொசுப்புழு இருந்தால், வீட்டுக் குறியீடு 8. அந்த 100 வீடுகளிலும் புழு இருந்த பாத்திரங்கள் மொத்தம் 14 என்றால், பிரெட்டோ குறியீடு எனப்படுவது 14. இவ்வெண்கள் வாரந்தோறும் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று பார்த்தால், நோய் பெருகக்கூடிய தெருவை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோதும், வெள்ளம் வடிந்த பின்னர் தேவைப்பட்டவை இத்தகைய வேலைகளே: குடிநீரைக் குளோரின் இட்டுத் தூய்மைப்படுத்துவதும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் எங்கே தலைகாட்டுகின்றன என்று கணக்கெடுப்பதும்.

நடந்து கற்கும் கல்வி

இத்துறையை வகுப்பறையில் மட்டும் கற்றுவிட முடியாது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் லாங்முயிர் என்னும் மருத்துவர், கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணி என்ற பயிற்சியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் நீடிக்கும் அப்பயிற்சியில் சேர்ந்தவர்கள் நோய் பரவும் இடங்களுக்கே அனுப்பப்பட்டனர். அவர்கள் பயிற்சி பெறுவோராயினும் ஊதியம் பெறும் அலுவலர்களாகவே இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இதே முறையில் தில்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவர்களுக்கான பயிற்சியைத் தொடங்கியது. சென்னையில் 1999-ல் நிறுவப்பட்ட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 2001 முதற்கொண்டே களப்பணியை அடிப்படையாகக் கொண்ட முதுநிலைக் கல்வியை நடத்திவந்திருக்கின்றது.

ஆகவே இக்கல்வியில் களப்பயிற்சி என்பது கூடுதல் அலங்காரமன்று, படிப்பின் உயிர்ப்பகுதி. அவ்வாறாயின், இரண்டு மாதமோ ஆறு மாதமோ ஊதியமின்றிக் களத்தில் நடக்க யாரால் முடியும்? இன்றைய உரையின் மையக் கேள்வி இதுவே.

கணக்கிட்டுப் பார்ப்போம்

மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் பத்தமடையிலும் எத்தனையோ குடும்பங்கள் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன. அத்தகைய வீட்டு மகள் கல்லூரி விடுமுறையில் ஓய்வெடுப்பதில்லை. தாயுடன் அமர்ந்து தானும் பீடித்தட்டை எடுத்துக்கொள்கிறாள். மகன் துணிக்கடையிலோ மருந்துக்கடையிலோ வேலைக்கு நிற்கிறான். அந்த வருமானத்தில்தான் அடுத்த பருவத்தின் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன.

அந்தப் பிள்ளையை இரண்டு மாத ஊதியமில்லாப் பயிற்சிக்கு அழைத்தால், இழப்பு இரு மடங்கு. வரவேண்டிய கூலி வருவதில்லை. அதற்கு மேல் பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும், வெளியூரானால் விடுதி வாடகையும் சேர்கின்றன. இலவசப் பயிற்சி என்று சொல்லப்படுவது உண்மையில் மாணவர் காசு கொடுத்துப் பெறும் பயிற்சியே ஆகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதை வாங்கிவிடுகிறார். வசதியற்ற பிள்ளை, அவரினும் நன்றாகப் படிப்பவராயினும், விண்ணப்பிப்பதே இல்லை. அவர் விண்ணப்பிக்கவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதுமில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமன்று. அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையிலேயே மாணவப் பயிற்சியாளர்களுக்குப் பொதுவாக ஊதியம் வழங்கும் ஏற்பாடு 2022-ஆம் ஆண்டின் இலையுதிர் காலப் பிரிவிலிருந்துதான் வந்தது. அதுவரை தலைநகரில் தங்கிச் செலவு செய்ய இயன்றவர்களுக்கே அவ்வாய்ப்பு எளிதில் கிட்டியது. நம் நாட்டில் நிதி ஆயோக் நடத்திவந்துள்ள பயிற்சித் திட்டம் பெயர்பெற்றது. சுகாதாரக் கொள்கையும் அதில் ஒரு பிரிவு. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான அப்பயிற்சி ஊதியமற்றது என்றே அதன் விதிமுறைகள் கூறிவந்துள்ளன.

ஒரு கேள்வி இங்கே எழக்கூடும். "மக்களுக்குச் செய்யும் சேவைக்குக் கூலி கேட்கலாமா? படிக்கிற பிள்ளை பணத்தைப் பார்க்கலாமா?" என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். சேவை மனப்பான்மையை நாமும் போற்றுகின்றோம். ஆயினும் சேவை செய்யும் வாய்ப்பே வசதியுள்ளோருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. ஊக்கத்தொகை என்பது சேவையின் விலையன்று. ஏழை வீட்டுப் பிள்ளையும் அந்தச் சேவைக்கு வந்து சேர்வதற்கான வழிச்செலவு. தமிழ்நாட்டில் 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கப்பட்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. இவற்றால் கல்லூரியின் வாசல் அகலமாயிற்று. வாசலைக் கடந்த பின் உள்ளேயிருக்கும் அறைகளும் திறந்தால்தான் அந்த அகலத்திற்குப் பொருள் உண்டு.

இருக்கின்ற வாய்ப்புகள்

அரசின் வழியாக ஊக்கத்தொகையுடன் கிடைக்கும் வாய்ப்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மருத்துவப் படிப்பின் முடிவில் வரும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி. ஹவுஸ் சர்ஜன் என்று நாம் அழைப்பது இப்பயிற்சியில் இருப்பவரைத்தான். 2021-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிமுறைகளின்படி, இந்த ஓராண்டில் 12 வாரங்கள் சமுதாய மருத்துவத்திற்கு உரியவை. ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி முகாம், வீட்டுப் பார்வை ஆகியவை இக்காலத்தில் அடங்கும். 1965-ல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இப்பயிற்சிக்கு மாத ஊக்கத்தொகை உண்டு. 1964-ல் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் ஓராண்டுப் பயிற்சியும் ஊக்கத்தொகையும் உள்ளன.

ஆனால் விதியில் இருப்பதாலேயே தொகை கைக்கு வந்துவிடுவதில்லை. தில்லியிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்கள் ஊக்கத்தொகை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம், மாதம் 25,000 ரூபாய் வழங்குமாறு அக்கல்லூரிக்கு ஆணையிட்டது. நாட்டின் மருத்துவக் கல்லூரிகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு ஊக்கத்தொகை வழங்கவில்லை என்று மாணவர் தரப்பு அளித்த பட்டியலும் அவ்வழக்கில் பேசப்பட்டது. எனவே தனியார் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்கும்போதே இறுதியாண்டு ஊக்கத்தொகை எவ்வளவு என்பதையும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, நம் மாணவர் பலரும் அறியாத ஒரு திட்டம். ஐ.சி.எம்.ஆர். என்று வழங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ஆம் ஆண்டில் தொடங்கிய குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் அது. கல்லூரிகளில் எஸ்.டி.எஸ். என்பார்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். பயிலும் மாணவர் இரண்டு மாத காலத்தில் ஒரு சிறிய ஆய்வை மேற்கொண்டு அறிக்கை எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இதற்கான தொகை இரண்டு மாதத்திற்கும் சேர்த்து 50,000 ரூபாய்.

இத்திட்டத்தின் இரண்டு தன்மைகளைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, இதற்காக வெளியூர் செல்ல வேண்டியதில்லை. தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரையே வழிகாட்டியாகக் கொண்டு, தம் கல்லூரியிலேயே ஆய்வு செய்யலாம். பெண்பிள்ளையைச் சென்னைக்குத் தனியே அனுப்பத் தயங்கும் குடும்பத்திற்கு இது பெரிய ஆறுதல். திருநெல்வேலியில் படிக்கும் மாணவி, நம் பகுதித் தெருக்களின் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றியோ, பீடி சுற்றும் தாய்மார்களின் மூச்சுக் கோளாறுகளைப் பற்றியோ ஆய்வு செய்யலாம். மற்றொன்று, தொகை முன்கூட்டி வருவதில்லை. ஆய்வு முடிந்து, அறிக்கை அளித்து, அது ஏற்கப்பட்ட பின்னரே தொகையும் சான்றிதழும் கிடைக்கும். அதுவரையிலான பயணச் செலவும் படிவங்கள் அச்சிடும் செலவும் மாணவர் கைப்பொறுப்பு. இந்த இடைவெளியே ஏழை மாணவரைத் தடுக்கும் இடம். இதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

மூன்றாவது, மருத்துவம் அல்லாத படிப்புகளில் இருப்போர்க்கான வழி. நுண்ணுயிரியல், புள்ளியியல், சமூகப்பணி முதலிய பட்டங்கள் பெற்றோர், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு முயலலாம். 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இவ்வழி திறந்தது. 2019-ல் விதிகள் திருத்தப்பட்டபோது பட்டதாரிகளுக்குக் குறைந்தது 9,000 ரூபாயும், டிப்ளமோ பெற்றோர்க்கு 8,000 ரூபாயும் மாத ஊக்கத்தொகையாக வரையறுக்கப்பட்டன. குறைந்தபட்சத் தொகையின் ஒரு பகுதியை மைய அரசு ஏற்கும். இது பொது சுகாதாரத்திற்கென்றே அமைந்த திட்டம் அன்று. எனினும் ஆய்வகத்திலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ இடம் கிடைத்தால் அனுபவமாகும். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது பெருநிறுவனங்களில் பெறும் பயிற்சி, எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். பட்டம் பெற்றோர் அதில் சேர இயலாது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். மருத்துவ மாணவருக்கு வழி உண்டு. பட்டம் முடித்தவருக்கும் ஓரளவு வழி உண்டு. ஆனால் செவிலியம், ஆய்வக நுட்பம், சமூகப்பணி, புள்ளியியல் ஆகியவற்றைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர், விடுமுறையில் மாவட்ட சுகாதார அலுவலகத்தின் கீழ் ஊக்கத்தொகையுடன் பணிபழகுவதற்கு மேற்சொன்ன திட்டங்களில் இடமில்லை. தொட்டிகளைப் பார்க்கவும், கணக்கெடுக்கவும், தாய்மார்களிடம் பேசவும் ஆள் தேவைப்படும் துறை ஒருபுறம். கற்க விரும்பியும் செலவுக்கு வழியற்ற மாணவர் மறுபுறம். இவ்விரண்டையும் இணைக்க, வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய மாதங்களில் மாவட்ட அளவில் ஊக்கத்தொகையுடன் கூடிய மாணவர் பயிற்சி ஒன்றை அரசு ஏற்படுத்த வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. பிற ஊர் ஜமாஅத்துகளுடனும், அனைத்துச் சமுதாய அமைப்புகளுடனும் சேர்ந்து இதனை மனுவாக அளிக்கலாம் என்று முன்மொழிகின்றோம். கொசுவும் காய்ச்சலும் தெருவின் பெயர் கேட்டு வருவதில்லை. கோரிக்கையும் அனைவருக்குமானதாகவே இருக்கட்டும்.

நம் பிள்ளைகள் ஏன் இத்துறையில் இருக்க வேண்டும்?

பொது சுகாதாரம் நம்பிக்கையின் மேல் நிற்கும் வேலை. 2020-ஆம் ஆண்டின் கோவிட் காலத்தில் தெருக்கள் அடைபட்டு, அச்சமும் வதந்தியும் பரவியிருந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். கதவைத் தட்டுவோர் அறிந்த முகமாக இருந்தால் வீட்டார் தயங்காமல் திறப்பார்கள். காய்ச்சல் இருப்பதை மறைக்காமல் சொல்வார்கள். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில், கொல்லைப்புறத் தொட்டி வரை சென்று பார்க்க ஒரு மாணவியால் எளிதில் முடியும். நம் வீட்டுப் பிள்ளைகள் இத்துறையில் இருந்தால், அரசு சொல்வது தெருவுக்குப் புரியும். தெருவின் குறை அரசுக்கும் போய்ச் சேரும்.

ஜமாஅத் செய்யக்கூடியவை

வரும் ஆண்டிற்கெனக் கல்விக் குழு நான்கு செயல்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கின்றது.

ஒன்று, தலைக்கட்டுப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு, மருத்துவம், செவிலியம், சித்த மருத்துவம், ஆய்வக நுட்பம், சுகாதார ஆய்வாளர் பயிற்சி முதலியவற்றைப் பயிலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பது. யார் என்ன படிக்கிறார் என்று தெரிந்தால்தான் உரிய அறிவிப்பை உரியவரிடம் சேர்க்க இயலும்.

இரண்டு, அறிவிப்புகளைக் கவனிப்பது. தகுதியும் தொகையும் கடைசி நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. மூத்த மாணவர் இருவர் பொறுப்பேற்று, அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் படித்து, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். முன்பணம் கட்டினால் அரசுப் பயிற்சி வாங்கித் தருவோம் என்று வருவோரை எவரும் நம்ப வேண்டாம். மேற்சொன்ன எந்தத் திட்டத்திலும் இடைத்தரகருக்கு இடமில்லை.

மூன்று, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன். தொகை பின்னரே வரும் திட்டங்களில் தேர்வாகும் மாணவருக்கு, இடைக்காலச் செலவை அழகிய கடனாக வழங்கி, ஊக்கத்தொகை வந்ததும் திரும்பப் பெறுவது. இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒருவர் திருப்பித் தரும் தொகையே அடுத்தவருக்குப் போய்ச் சேரும். அத்துடன், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு, அதனுடன் இணைந்த ஆதார், செயல்படும் செல்பேசி எண் ஆகிய மூன்றும் சரியாக உள்ளனவா என்று முன்கூட்டியே பார்த்துக் கொடுப்பதும் உதவியே. இவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் தொகை நின்றுவிடும்.

நான்கு, களம் அமைத்துக் கொடுப்பது. எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்த மாணவராயினும், கல்லூரியின் அனுமதிக் கடிதத்துடன் நம் தெருக்களில் சுகாதாரக் கணக்கெடுப்பிற்கு வந்தால், ஜமாஅத் முன்னின்று வீடுகளுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். பயிற்சி பெறும் பிள்ளைக்கு ஊக்கத்தொகைக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது திறந்த கதவு.

மாணவச் செல்வங்களே! நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை ஆசிரியரை இந்த ஆண்டே சென்று பாருங்கள். அறிவிப்பு வந்த பின் வழிகாட்டியைத் தேடினால் காலம் போதாது. ஆய்வுத் தலைப்பைச் சிந்தித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுவதற்கு வேண்டியவற்றை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரே! பிள்ளை பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்டால், எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் கேளாமல், எப்போது கிடைக்கும் என்றும் கேளுங்கள். இடையில் பணம் தடையாக நின்றால், கல்விக் குழுவிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

பொதிகையில் பிறந்து நம் வயலையும் வாயையும் நனைத்துச் செல்லும் தாமிரபரணியின் நீர், வீட்டுத் தொட்டியில் தேங்கி நோயாக மாறாமல் காப்பதற்கு ஆற்றங்கரைப் பிள்ளைகளே கற்று வரட்டும். அவ்வாறு கற்க வருபவர் வறுமையின் காரணமாகப் பாதியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. இந்நான்கு செயல்களுக்கும் பொதுக்குழு ஒப்புதல் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.